எழுத்து இருந்தால் டிராகன் இல்லை

கெங் வாத்தியார் தான் குடித்துக்கொண்டிருந்தது என்னவென்று தெரிந்த அன்றைக்குக் கிண்ணத்தைச் சுவரில் அடித்து உடைத்தார். பிறகு கொல்லைப்புறம் ஓடி, பன்றிக் கொட்டில் பக்கத்தில் குனிந்து, குடலே வாய்க்கு வந்துவிடுகிற மாதிரி வாந்தி எடுத்தார். பன்றிகள் வந்து அதையும் நக்கின. அதைப் பார்த்ததும் அவருக்கு இன்னொரு தடவை குமட்டியது.

நடந்தது இதுதான். வாத்தியாருக்கு நெஞ்சுப் படபடப்பு. அரசாங்கத் தேர்வில் மறுபடி மறுபடி கோட்டைவிட்ட மனுஷனுக்கு வராமல் என்ன செய்யும்? தேர்வு மண்டபம் என்று யாராவது சொன்னாலே உள்ளங்கை வேர்க்கும். படுத்தால் தூக்கம் கிடையாது. அதற்கு வைத்தியர் எழுதிக்கொடுத்த மருந்து டிராகன் எலும்பு. எங்கள் ஜாங்தே ஊரில் அதற்கு மட்டும் பஞ்சமே இல்லை. ஹுவான் ஆற்றங்கரையில் ஷியாவ்துன் கிராமத்துக்காரன் பருத்திக்கு மண்ணைக் கிளறினால் கூடை கூடையாக எலும்பு வரும். அதை இடித்துப் பொடியாக்கி ஊரே குடிக்கும். காய்ச்சலுக்குக் குடிக்கும், வயிற்றுப்போக்குக்குக் குடிக்கும். நாவிதன் சவரக் காயத்தில் அப்புவான். வாத்தியார் நாலு வருஷமாகக் காலையும் மாலையும் குடித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பொட்டலத்தில் பொடியாகாத ஒரு துண்டு கிடந்தது, கட்டைவிரல் நகம் அளவு. அவர் மனைவி யூஜென் அதை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"பொடிச்சுத் தாடான்னா கல்லைப் போட்டுக் குடுத்திருக்கான் பாருங்க. இந்த ஷாவ் கடையிலதான் மருந்து வாங்கணுமா?"

வாத்தியார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். மேலே மெல்லிய கீறல்கள். ஒன்று பிறை. அதன் கீழே இன்னொன்று: பெரிய கண், பிடரி மயிர், வால், செங்குத்தாக நிற்கிற ஒரு குதிரை.

இங்கே வாத்தியாரின் கெட்ட பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவருக்குப் பழைய எழுத்துப் பைத்தியம். தேர்வுக் கட்டுரையை நெட்டுருப் போட வேண்டிய நேரத்தில் பழைய முத்திரைகளையும் வெண்கலப் பாத்திரங்களின் எழுத்தை ஒற்றியெடுத்த படிகளையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால்தான் மனுஷன் தேறவில்லை என்று ஊரில் பேச்சு. குதிரைக்கு நாம் இன்றைக்குத் தூரிகையால் எழுதுகிற எழுத்தைப் பார்த்து எந்தப் பிள்ளையாவது அது குதிரை என்று சொல்லுமா? நாலைந்து கோடு, ஒரு வளைவு, அடியில் நாலு புள்ளி. அந்தப் புள்ளிகள் ஒரு காலத்தில் கால்கள். முத்திரைக் குதிரையில் கால் தெரியும். வெண்கலக் குதிரையில் கண்ணும் தெரியும். அப்புறம் தூரிகை வந்தது, அவசரம் வந்தது, குமாஸ்தாக்கள் வந்தார்கள். வட்டத்தைச் சதுரமாக்கி, வளைவை ஒடித்து, உயிரோடு நின்றதை மரச்சட்டம் ஆக்கிவிட்டார்கள். சூரியன் இன்றைக்கு நடுவில் கோடு போட்ட ஒரு ஜன்னல். அது முதலில் உருண்டையாகத்தான் இருந்திருக்கும் என்று வாத்தியார் சொல்லிக்கொண்டே இருப்பார். கேட்பதற்குத்தான் நாதி இருக்காது. இப்போது அவர் கையில் இருந்தது வெண்கலக் குதிரைக்கும் பாட்டன். அந்தப் பாட்டனைத்தான் அவர் இத்தனை நாளும் வெந்நீரில் கலக்கிக் குடித்திருக்கிறார்.

"எழுத்தைக் குடிச்சு மூத்திரம் பேஞ்சிருக்கேன்டி," என்றார் வாயைத் துடைத்துக்கொண்டே.

யூஜென் உடைந்த கிண்ணத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அவ்வளவு எழுத்து உள்ள போயுமா தேர்வுல தேறலை?" என்றாள். அவள் வாய் அப்படி.

வாத்தியார் நேரே ஷாவின் மருந்துக்கடைக்குப் போனார். ஷாவ் தடித்த ஆள். சதா எதையாவது மென்றுகொண்டிருப்பான். கடை வாசலிலேயே பெஞ்சு போட்டு, மடியில் ஒரு எலும்பை இடுக்கிக்கொண்டு அரத்தால் ராவிக்கொண்டிருந்தான். வெள்ளைத் தூள் அவன் முழங்காலில், மீசையில், உதட்டில். அந்த உதட்டை நாக்கால் தடவி மறுபடி மென்றான். உள்ளே கூலிக்காரன் ஒருவன் படகு மாதிரி இருக்கிற இரும்புத் தொட்டியில் எலும்பைப் போட்டுச் சக்கரத்தைப் பாதத்தால் உருட்டிக்கொண்டிருந்தான். பாதம் கறுப்பு, பொடி வெள்ளை. ஊர் குடிக்கிற மருந்து இந்தக் காலடியில்தான் தயாராகிறது என்று இத்தனை வருஷம் வாத்தியாருக்குத் தெரியாதா என்ன? தெரியும். அன்றைக்குத்தான் பார்த்தார்.

"என்ன ராவுறே?"

"வாங்க வாத்தியாரே. தொழில் சூட்சுமம் சொல்றேன், வெளிய சொல்லாதீங்க. எழுத்து இருந்தா டிராகன் இல்லை. கீறல் இருந்தாப் பெரிய சந்தையில போலின்னு தூக்கி எறிஞ்சிடுவான். டிராகன் என்ன பள்ளிக்கூடமா போச்சு, மேல எழுதி வச்சுக்கிறதுக்கு? அதான் ராவி எடுத்துடறது. ராவ முடியாததைக் கிராமத்துக்காரனுங்களே பாழுங்கிணத்துல கொட்டிடறானுங்க."

சொல்லிவிட்டுத் தூளை ஊதினான். அது வாத்தியார் முகத்தில் விழுந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

அப்போதுதான் அலமாரிக்குப் பக்கத்தில் அதைப் பார்த்தார். ஒரு முழு ஆமை ஓடு, வயிற்றுப் பக்கத்து ஓடு, இரண்டு உள்ளங்கை சேர்த்து விரித்த அகலம். பழுத்துப்போன நிறம். இடது பக்கம் மேலிருந்து கீழே எழுத்து. வலது பக்கம் எழுத்து. நடுவில் நரம்பு மாதிரி வெடிப்புகள், ஒவ்வொரு வெடிப்புக்கும் பக்கத்தில் குட்டி எழுத்து. ஒரு இடம் காலி இல்லை. அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டதைப் பார்க்க வேண்டுமே. தேர்வு மண்டபத்தில்கூட அப்படி அடித்ததில்லை.

"அதையும் ராவப்போறியா?"

"பின்னே? சந்தைக்குக் கிளம்புறதுக்கு முன்னால ராவி, இடிச்சு, மூட்டை கட்டணும். நல்ல பெரிய டிராகன் அது."

"அது ஆமை ஓடுடா, படுபாவி."

"கடைக்கு வெளியே ஆமை. கடைக்குள்ள டிராகன்."

"ஷாவ், அது எழுத்து. நிஜமான எழுத்து. நம்ம எழுத்துக்கெல்லாம் தாய்."

ஷாவ் மெல்லுவதை நிறுத்தினான். அவன் கடை நிலையில் நீளமான மூங்கில் இடுக்கி ஒன்று சிவப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுதின காகிதம் எங்கே கிடந்தாலும் மிதிபடாமல் பொறுக்குகிற எழுத்துக் காப்புச் சங்கத்து உறுப்பினன் என்பதற்கு அடையாளம். அவன் பார்வை அதன்மேல் ஒரு தடவை போய்விட்டு வந்தது.

"புழு அரிச்சது," என்றான்.

"புழு குதிரை வரையுமா?"

"டிராகன் எலும்பைத் திங்கிற புழு என்ன வேணா வரையும். இதோ பாருங்க வாத்தியாரே, அது எழுத்துன்னு ஆச்சுன்னா என் ஆயுசுக்கும் நான் இடிச்சது என்ன? எழுத்தை மிதிச்சாலே கண்ணு போகும், இடிச்சதுக்கு என் கண்ணு ரெண்டும் அவிஞ்சு போகணும். என் பிள்ளைங்க கண்ணும் போகணும். அதனால அது புழு. உங்களுக்கு மருந்து கட்டவா?"

வாத்தியார் மருந்து கட்டச் சொன்னார். பொடிக்காமல் துண்டாகவே கொடு, வீட்டில் இடித்துக்கொள்கிறேன் என்றார். ஓட்டை விலைக்குக் கேட்க அவரிடம் என்ன இருந்தது? பள்ளிக்கூடத்துக்குக் கிடைப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் தானியம். அதுவும் பள்ளிக்கூடத்துக்குப் படியளக்கிற ஃபான் பெரியவர் தயவில்.

அந்தத் துண்டுகளை வைத்துக்கொண்டு வாத்தியார் சில நாள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதையே மறந்தார். மழை கிடைத்தது: மேலே ஒரு கோடு, கீழே துளிகள். பெண் கிடைத்தாள், மண்டியிட்டுக் கைகளை முன்னால் கோத்தபடி. குழந்தை கிடைத்தது, பெரிய தலையும் இரண்டு கையுமாக. கண்ணில் நீர் வந்துவிட்டது மனுஷனுக்கு. நாலு கண் படைத்த ஒரு முனிவர் பறவைக் காலடியைப் பார்த்து எழுத்தைக் கண்டுபிடித்தார், அன்றைக்கு வானம் தானியமாகப் பொழிந்தது, பேய்கள் அழுதன என்று நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்களே, அதை அவர் சின்ன வயதிலிருந்து நம்பினவர். எழுத்து என்றால் அவருக்குச் சுத்தம். இந்த நாறப்பிழைப்பில் சுத்தமாக இருக்கிற ஒரே வஸ்து.

அப்புறம் இன்னொரு எழுத்து கிடைத்தது. ஒரு ஆள் நிற்கிறான். அவன் கழுத்துக்குக் குறுக்கே கோடரி. முதலில் வேறு ஏதோ என்று நினைத்தார். இன்னொரு துண்டிலும் அதே ஆள், அதே கோடரி. பக்கத்தில் எண். அதன் பக்கத்தில் ராஜா என்கிற குறி. இன்னொரு துண்டில் மழை, ஒரு கேள்வி, மறுபடி கோடரி.

மழை வருமா? எத்தனை பேரை வெட்டட்டும்?

அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். கை கழுவிக்கொண்டு வந்தார். மறுபடி கழுவினார். சீ! வானம் தானியம் பொழிந்ததாம். எழுத்து பிறந்ததே கசாப்புக்கடைக் கணக்கு எழுதத்தானா? பிடிபட்டவனின் கழுத்தை எண்ணத்தான் ஒருவன் உட்கார்ந்து இவ்வளவு அழகாகக் குதிரையும் பிறையும் கீறினானா? இதையா நான் பிள்ளைகள் கையைப் பிடித்து எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன்?

"தூக்கி எறியுங்களேன் அந்தச் சனியனை," என்றாள் யூஜென். "சோறும் இறங்க மாட்டேங்குது, மூஞ்சியும் பச்சையா இருக்கு."

"முடியாதுடி. பாதி வாக்கியம்தான் இருக்கு. அந்த ராஜா ஓட்டைச் சூடு காட்டி வெடிக்கவச்சுத் தெய்வத்தைக் கேட்டான், சரி. வெட்டினானா, விட்டானா? மழை பெஞ்சுதா? ஷாவ் கடையில இருக்கிற ஓட்டுல முழுசா இருக்கும். அது ஒண்ணு எனக்குக் கிடைச்சாப் போதும். அந்தத் தடியன் அதை ராவி எறியறதுக்கு முன்னால கிடைக்கணும்."

அருவருப்பாகவும் இருந்தது, விடவும் முடியவில்லை. புண்ணைச் சொறிகிறவனுக்குத் தெரியும் அது.

அப்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. புத்திசாலித்தனமான யோசனை என்று நினைத்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவன் எல்லாருமே அப்படித்தான் நினைக்கிறான்.

எழுத்துக் காப்புச் சங்கத்துக்கு ஃபான் பெரியவர்தான் தலைவர். எங்கள் ஊரில் ஆளை மிதித்தாலும் மன்னிப்பு உண்டு, எழுதின காகிதத்தை மிதித்தால் கிடையாது. மிதிக்கிறவனுக்குக் கண் போகும். பொறுக்கிக் காப்பாற்றுகிறவனின் பிள்ளை தேர்வில் முதலாவதாக வருவான். பெரியவரின் பிள்ளை அந்த வருஷம் தேர்வு எழுதப் போகிறவன். ஆகவே பெரியவர் இடுக்கியும் கூடையுமாகத் தெருத் தெருவாக அலைந்தார். சாக்கடையில் இடுக்கியை விட்டு எடுப்பார். பொதுக் கக்கூஸ் குழியில், புழு நெளிகிற இடத்தில், முகத்தைச் சுளிக்காமல் விட்டு எடுப்பார். எடுத்ததை வாசனைத் தண்ணீரில் கழுவுவார். பார்க்கிறவர்கள் கும்பிடுவார்கள். போன பனிக்காலத்தில் கோயில் மதிலோரம் ஒரு பிச்சைக்காரன் குளிருக்குச் சட்டைக்குள் பழைய கணக்குக் காகிதங்களைத் திணித்துக்கொண்டு கிடந்தான். பெரியவர் அவன் நெஞ்சிலிருந்து காகிதத்தை ஒவ்வொன்றாக இடுக்கியால் உருவி எடுத்துக்கொண்டு போனார். காலையில் ஆள் விறைத்துக் கிடந்தான். வாத்தியார் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தானியம் பெரியவர் வீட்டிலிருந்தல்லவா வருகிறது.

ஒரு கந்தல் காகிதத்துக்கே இந்தப் பாடு படுகிற ஆள், எழுத்துக்கெல்லாம் தாயான எழுத்தை விடுவாரா? ஷாவின் கையிலிருந்து பிடுங்கிக் கோயிலில் வைத்துப் பூட்டிவிட மாட்டாரா? பிறகு உட்கார்ந்து படிக்க வேண்டியதுதானே. வாத்தியார் துண்டுகளைப் பட்டுத்துணியில் முடிந்துகொண்டு போனார்.

பெரியவர் முதலில் நம்பவில்லை. வாத்தியார் பக்கத்தில் காகிதத்தை வைத்து இன்றைய குதிரையை எழுதினார், அதன் பக்கத்தில் முத்திரைக் குதிரை, அதன் பக்கத்தில் வெண்கலக் குதிரை, கடைசியில் எலும்புத் துண்டை வைத்தார். பெரியவரின் வாய் பிளந்தது. சூரியனைக் காட்டினார், மழையைக் காட்டினார். கோடரியை மட்டும் காட்டவில்லை. அதை மடிக்குள்ளேயே வைத்துக்கொண்டார். பெரியவர் நாற்காலியிலிருந்து இறங்கி நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டார்.

"ஐயோ, வாத்தியாரே! இதையா இந்த ஊரு குடிச்சுக்கிட்டு இருக்கு?"

"ஆமாங்க ஐயா. ஷாவ் கடையில இடிக்கிறான். ஒரு முழு ஓடு இருக்கு. அதையும் இடிச்சிடுவான்."

"என் உசிரு இருக்கிற வரைக்கும் இடிக்க விடமாட்டேன். பாவம் படிச்ச மனுஷன், உம்மைப் போய் இந்த ஊரு உதவாக்கரைன்னு பேசுச்சே!"

அன்று மத்தியானமே பெரியவர் சங்கத்து ஆட்களோடு போய் ஷாவின் கடையில் இருந்த எலும்பு அத்தனையும் ஓட்டோடு சேர்த்து மஞ்சள் துணியில் மூடிக் கல்வித் தெய்வத்தின் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஷாவ் வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான், கண்ணைக் கண்ணைத் தேய்த்துக்கொண்டான். வாத்தியாரைப் பார்த்து, "நல்லா இருப்பீரா நீர்?" என்றான். வாத்தியாருக்கு உள்ளூரச் சிரிப்பு. ஓட்டை இப்போதே படியெடுத்துக்கொள்ளட்டுமா என்று பெரியவரிடம் கேட்டார். "அவசரம் எதுக்கு? நாளைக்குக் காலையில விசேஷம். குளிச்சுட்டுப் புது அங்கி போட்டுக்கிட்டு வாரும். உம்ம கையாலதான் எல்லாம்," என்றார் பெரியவர்.

வாத்தியார் அன்றைக்கு மருந்தில்லாமலே தூங்கினார்.

காலையில் யூஜென் அங்கிக்குப் பொத்தான் மாட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "சந்தனக் கட்டையும் எண்ணெயும் வண்டி வண்டியா இறக்கியிருக்காங்களாம். எலும்பு லேசுல எரியாதாமே."

"எது எரியாது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னங்க கேள்வி இது? எழுத்து கிடைச்சா அவங்க என்ன செய்வாங்க? எரிச்சு, சாம்பலை ஆத்துல விடுவாங்க. ஊருக்கே தெரியும். உங்களுக்கு எதுக்குப் புது அங்கின்னு நினைச்சீங்க?"

ஊருக்கே தெரியும்தான். வாத்தியாருக்கும் தெரியும். பொறுக்கின காகிதத்தைப் பக்தியோடு எரிக்கிற சூளையைத் தினமும் தாண்டித்தான் அவர் பள்ளிக்கூடம் போகிறார். அழுக்குப் படாமல் எழுத்தைக் காப்பாற்ற ஒரே வழி அதை நெருப்பில் கொடுப்பது, அதுதான் மரியாதை, அதுதான் புண்ணியம் என்று அவரே பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்திருக்கிறார். எலும்பு காகிதம் இல்லையே என்று அவர் மனசு அவரை ஏமாற்றிவிட்டது. மனுஷன் பாதிப் பொத்தானோடு ஓடினார்.

கோயில் முற்றத்தில் திருவிழாக் கூட்டம். ஊதுகுழலும் தாளமும் காதைப் பிளந்தன. சூளை வாயில் நாக்கு நாக்காக நெருப்பு. கூடைகள் எல்லாம் காலி. உள்ளே எலும்புகள் பட்டுப்பட்டென்று வெடித்துக்கொண்டிருந்தன; ஒவ்வொரு வெடிக்கும் கூட்டம் ஆகா என்றது. நாற்றம் தாங்கவில்லை. கொம்பு கருகுகிற மாதிரி, மயிர் கருகுகிற மாதிரி; சந்தனத்தையும் மீறி அடித்தது அது. சுற்றி நின்றவர்கள் அதை மூச்சு நிறைய இழுத்து இழுத்து விட்டார்கள், பிள்ளைகளையும் தூக்கிப் பிடித்து இழுக்கச் சொன்னார்கள். வாத்தியார் பத்து அடி தள்ளியே நின்றுவிட்டார். இப்போதும் வாந்திதான் வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"வாரும், வாரும்!" பெரியவர் கையைப் பிடித்து இழுத்தார். சிவப்புத் துணி விரித்த தட்டில் அந்த ஓடு மட்டும் இருந்தது. "தாயை மட்டும் உமக்காக நிறுத்தி வச்சிருக்கேன். உம்ம கையால போடும். புண்ணியம் உமக்கும் எனக்கும் பாதிப் பாதி. அது மட்டுமில்ல, சங்கம் தீர்மானம் போட்டாச்சு. இனிமே ஷியாவ்துன்ல மண்ணுக்குள்ளேயிருந்து என்ன வந்தாலும் ஒண்ணு விடாம வாங்கி எரிச்சிடறோம். எல்லாம் உம்மாலதான்!"

இடித்தால் ஷாவ், எரித்தால் பெரியவர். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? வாத்தியார் தட்டைக் கையில் வாங்கினார். இவ்வளவு கிட்டத்தில் அப்போதுதான் பார்க்கிறார். அந்த ராஜாவின் கேள்வி இருந்தது, மழை இருந்தது, கோடரி இருந்தது. ஓரத்தில், வெடிப்புக்கு அந்தப் பக்கம், பதில் இருந்தது. அதைப் படிக்க ஒரு நாளாவது வேண்டும்.

"இது எழுத்து இல்லைங்க," என்றார்.

ஊதுகுழல் நின்றது.

"என்ன சொன்னீர்?"

"எழுத்து இல்லை. புழு அரிச்சது. நான்தான் பொய் சொன்னேன்." நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். "தலைநகரத்துல பழம்பொருள் வாங்குறவன் ஒருத்தன் இருக்கான். அவனுக்கு விக்கலாம்னு பார்த்தேன். ஷாவ் தரமாட்டேன்னான். உங்களைச் சொல்லிப் பிடுங்கிக்கலாம்னு நினைச்சேன். சின்னத் துண்டுல இருந்த கீறல் நான் போட்டது."

கூட்டத்திலிருந்து முதலில் வந்தது ஷாவின் குரல்தான். "நான் அன்னைக்கே சொன்னேனே! புழுன்னு சொன்னேனே! கேட்டீங்களா?" அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கண் பிழைத்ததே.

பெரியவரின் முகம் சாம்பலாகிவிட்டது. "அப்போ சூளையில போட்டது?"

"ஏதோ செத்த மிருகம். மாடோ என்னவோ. மனுஷ எலும்பும் இருக்கலாம்."

தெய்வத்தின் முன்னால், எழுத்துக்கென்றே கட்டின சூளையில், பிணத்தைச் சுட்டாகிவிட்டது. அந்தப் புகையைப் பிள்ளைகளுக்கு ஊட்டியாகிவிட்டது. பெண்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். யாரோ ஓங்கரித்தான். பெரியவர் வாத்தியாரின் கன்னத்தில் அறைந்தார். அறைந்த கையைத் தன் அங்கியில் துடைத்துக்கொண்டார். ஆனால் அவர் முட்டாள் இல்லை. அந்தக் குதிரை வரிசை அவர் மனசில் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"எழுத்து இல்லைன்னா மிதி," என்றார்.

"என்னங்க?"

"எழுத்துன்னா எவனும் மிதிக்கமாட்டான். நீ வாத்தியான். பால்குடி மறந்த நாள்லேர்ந்து எழுத்து கிடந்த காகிதத்தைத் தாண்டிக்கூடப் போயிருக்கமாட்டே. புழு அரிச்சதுதானே? கீழ வை. ஏறி நில்லு."

மிதிக்காவிட்டால் அது நெருப்புக்கு. வாத்தியார் குனிந்து ஓட்டைக் கல்தரையில் வைத்தார், எழுத்துப் பக்கத்தைக் கீழே கவிழ்த்து.

"திருப்பி வை," என்றான் ஷாவ். அவன் சிரிப்பு நின்றுபோயிருந்தது. வாத்தியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கடையில் முதன்முதலாக அந்த ஓட்டைப் பார்த்தபோது அந்த முகம் எப்படி இருந்தது என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

திருப்பி வைத்தார். வலது காலைத் தூக்கினார். கால் கீழே போகமாட்டேன் என்றது. நாற்பது வயது மனுஷனின் கால், அவர் சொன்ன பேச்சைக் கேட்காமல் அந்தரத்தில் ஆடியது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கேட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தார். குதிகாலை மட்டும் மெதுவாக.

"முழுசா," என்றார் பெரியவர். "ரெண்டு காலும்."

இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றார். அடியில் அது உடைகிற சத்தம் துணிச் செருப்பைத் தாண்டி அவர் எலும்பில் கேட்டது. அசையாமல் நின்றார். அவர்கள் இறங்கச் சொன்ன பிறகுதான் இறங்கினார்.

"தூ!" பெரியவர் காறி அவர் காலடியில் துப்பினார். "இனிமே பள்ளிக்கூட வாசல்ல உன் நிழல் விழக்கூடாது. உன் அசிங்கத்தை நீயே பொறுக்கிக்கிட்டுப் போ. ஷாவ், உனக்கு வேணுமா?"

"எனக்கெதுக்குங்க ஐயா? மனுஷ எலும்பா இருக்கலாம்னு ஊரே கேட்டாச்சு. இனிமே எவன் வாங்குவான்?"

சிலர் துப்பினார்கள். சிலது ஓட்டின்மேலும் விழுந்தது. வாத்தியார் மண்டியிட்டுத் துண்டுகளை எடுத்துப் புது அங்கியின் மடியில் போட்டார், எச்சிலைத் துடைக்காமல். முதல் துண்டை எடுத்தபோது விரல்கள் பழக்கத்தில் பூவை எடுக்கிற மாதிரி எடுத்தன. நிமிர்ந்து பார்த்தார். ஷாவ் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்தடுத்த துண்டுகளை வாத்தியார் விறகுச் சுள்ளி மாதிரி வாரி வாரிப் போட்டார். ஒன்றோடொன்று உரசி அவை இன்னும் கொஞ்சம் உதிர்ந்தன.

மடியை மூடிக்கொண்டு எழுந்தபோது, கற்களின் இடுக்கில் ஒரு துண்டு மிச்சம் இருப்பது தெரிந்தது. ஓரத்துத் துண்டு. வெடிப்புக்கு அந்தப் பக்கத்தது. பதில் அதில்தான் இருந்தது. மேலே ஒரே ஒரு குறி, அவர் இதுவரைக்கும் எங்கேயும் பார்த்திராத குறி. குனிந்து எடுக்க ஒரு நொடி போதும்.

"என்ன வாத்தியாரே," என்றான் ஷாவ் மெதுவாக, "ஏதாவது விட்டுட்டீங்களா?"

"ஒண்ணும் இல்லை," என்றார் வாத்தியார்.

அதன்மேலேயே கால் வைத்து வெளியே நடந்தார்.